நான்காம் ஜன்னல் மூடியிருந்த நேரங்கள்

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, பேருந்துக் கழகப் பணியாளர் மருத்துவமனையின் ஆய்வகத் துளை வழியாக நான் நீட்டிய சிறுநீர் பாட்டிலை, உள்ளே இருந்த ஊழியர் ஓர் அளவுகோலின் நுனியால் என் பக்கம் திருப்பித் தள்ளினார். அதே நாள் பதினொன்றேகால் மணிக்கு, அதே மருத்துவமனையின் மருத்துவர், என் கோப்பில் ‘நோயாளியின் வரலாறு’ என்று அச்சிட்ட கட்டத்துக்குள், “மிகைப்படுத்திக் கூறும் இயல்புடையவர். பணியைத் தவிர்க்கும் நோக்கில் அடிக்கடி சிறுநீர் உபாதை கூறுகிறார்” என்று எழுதிக் கையொப்பமிட்டார். முதல் செயல் நடந்திராவிட்டால் இரண்டாவது நடந்திருக்க முடியாது என்பதே என் குற்றச்சாட்டு.

மருத்துவமனை நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஏழு கோடுகள் உள்ளன. மருத்துவர் இரண்டை நிரப்பினார். மீதி ஐந்தும் காலி. என் வரலாற்றை என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்காததால் இங்கே எழுதுகிறேன். இதிலுள்ள தேதிகளுக்கு உரிய நகல்கள் எண்ணிட்டு இணைக்கப்பட்டுள்ளன.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் காவலாளி. அங்கே தூக்கியெறியும் தட்டச்சுத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். மூன்று பெண்களும் வெள்ளைப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். நான் மறுபக்கத்தையும் படித்தேன். ‘பார்வையில் கண்ட கடிதத்தின்படி’, ‘உரிய விளக்கம் பெறப்படாத நிலையில்’ என்பவையெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே மனப்பாடம். அக்கா என் பென்சில் பெட்டியை உடைத்தபோது அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். அவள் அதைப் படித்துவிட்டு, “இவள கட்டிக்கறவன் பாவம்பா. சோத்துல உப்பு குறைஞ்சாலும் இவகிட்ட மனு போட்டுத்தான் கேக்கணும்” என்றாள்.

பள்ளியில் சேர்த்த நாளில் எழுத்தர் என் பிறந்த ஆண்டை ஒன்று குறைத்து எழுதிவிட்டார். அதை அடித்துத் திருத்த ஆறு ஆண்டுகளும் பதினேழு மனுக்களும் ஆயின. ஒரு கட்டத்துக்குள் ஏறிய பொய் தானாக இறங்காது என்று அன்றே தெரிந்துகொண்டேன். அதிலிருந்து எந்தத் தாளையும் நான் எறிவதில்லை.

பள்ளிப் படிப்போடு நின்ற நான், நூலகத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்து, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். பதினாறு ஆண்டுகள் நான்காம் ஜன்னலில் இருந்தேன். நிலையத்தில் எங்களுக்குப் பெயர் கிடையாது. பக்கத்தில் இருப்பவள் மூணாம் நம்பர். நான் நாலாம் நம்பர். ஜன்னலை எப்போது மூடினாலும் மூடிய நேரம், திறந்த நேரம், காரணம் ஆகிய மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ‘தேநீர்’ என்றும் ‘சில்லறை’ என்றும் எழுதுவார்கள். பதினான்கு ஆண்டுகள் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதிவுகளுக்கு மேல் இருந்ததில்லை.

2021-ஆம் ஆண்டின் நடுவில் அது மாறியது. சிறுநீர் கழிக்கும்போது உள்ளே யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போன்ற வலி. கழித்து முடித்து எழுந்தவுடன் மறுபடியும் முட்டும். அடிவயிற்றில், பாவாடை நாடா அழுந்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கல் உட்கார்ந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ‘மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையை வைத்துவிட்டு ஓடினேன்.

ஓடிய இடத்தையும் சொல்ல வேண்டும். பணியாளர் கழிப்பறை தேநீர்க் கடையின் பின்புறம் இருந்தது. தரையில் எப்போதும் விரற்கடை ஆழத்துக்கு நீர் நிற்கும். அது எந்த நீர் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நடுவில் இரண்டு செங்கற்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டே உட்கார வேண்டும். ஜன்னல் கம்பியில் யாரோ செருகிய பழைய துணி ஒன்று ஓராண்டு முழுவதும் அங்கேயே காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்தது. அதை எடுத்தெறியத் தொட வேண்டியிருக்கும் என்பதால் நானும் எடுக்கவில்லை. சில நாட்களில் பதினாறு முறை அதை எதிரில் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி, சொட்டுச் சொட்டாகக் கழித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினாலும் அந்த வாடை சோற்றுத் தட்டு வரை வரும்.

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா.

“ஏம்மா, பஸ்ஸுதான் கிளம்பும்னு பாத்தா நீ கிளம்புற?”

“விடுப்பா, அந்தம்மா உள்ள தனியா ஒரு பஸ் ஓட்டுது.”

மூணாம் நம்பர் தன் ஜன்னலிலிருந்தே, “உங்க வீட்டுப் பொண்ணுக்கு இப்படி வந்தா சிரிப்பீங்களா? இந்தப் பக்கம் வாங்க, நான் தரேன் டிக்கெட்டு” என்று அவர்களை இழுத்துக்கொள்வாள். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

காரணம் என்ற இடத்தில் நான் உண்மையை எழுதினேன்: சிறுநீர். மூன்று வாரம் கழித்து மேற்பார்வையாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது, மேலேர்ந்து கீழ வரைக்கும் ‘சிறுநீர்’, ‘சிறுநீர்’னு? நாலு பெரிய மனுஷங்க தணிக்கைக்கு வந்து புரட்டுற நோட்டு. ‘சொந்த வேலை’ன்னு போடு.”

போட்டேன். அந்த நாளிலிருந்து என் சிறுநீர்ப்பை என் சொந்த வேலையாயிற்று.

பணியாளர் மருத்துவமனைக்கு முதன்முதலாக 2021 செப்டம்பர் 6-ஆம் நாள் வந்தேன். மருத்துவர், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேனா மூடியின் கொக்கியைக் காதுக்குள் விட்டுச் சுழற்றினார். வெளியே எடுத்துப் பார்த்தார். மேசை விளிம்பில் துடைத்தார். பிறகு அதே பேனாவால் மருந்து எழுதினார்.

“தண்ணி நிறைய குடிங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன்.”

“டாக்டர், நான் இன்னும் முடிக்கல. மாசத்துல சில நாள்…”

“எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. அடுத்த ஆளு.”

அன்று முதல் 2023 பிப்ரவரி வரை ஒன்பது முறை கிருமிக்கொல்லி மாத்திரை எழுதப்பட்டது. ஒன்பது முறை என் சிறுநீர் ஆய்வு செய்யப்பட்டது. ஒன்பது அறிக்கைகளிலும் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்றே உள்ளது. ஐந்தாவது அறிக்கையை மேசையில் வைத்து, இல்லாத கிருமிக்கு ஏன் மருந்து என்று கேட்டபோது, “அது ஒளிஞ்சிருக்கும்மா” என்றார். மாத்திரைகள் என் குடலைக் கெடுத்தன. நாக்கில் வெள்ளைப் படிவு விழுந்தது. ஒளிந்திருந்த கிருமி மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை.

இடையில் ஒரு ஸ்கேன். முந்தைய நோயாளியின் வயிற்றைத் துடைத்த துணியாலேயே என் வயிற்றையும் துடைத்தார்கள். அது குளிர்ந்து பிசுபிசுத்தது. அறிக்கையில், ‘சிறுநீர்ப்பையின் மேற்சுவர் ஓரிடத்தில் தடித்துள்ளது, நாள்பட்ட தொற்றாக இருக்கலாம்’ என்று ஒரு வரி. அதற்குள்தான் என் நோய் இருந்தது. மருத்துவர் அந்த வரியைப் படித்தாரா என்பது எனக்குத் தெரியாது. தாளின் மேல் பேனா மூடியை வைத்திருந்தார்.

ஆய்வகத்தைப் பற்றி. துளைக்கு மேலே ஒரு பலகை: ‘மாதவிலக்கு நாட்களில் சிறுநீர் மாதிரி ஏற்கப்படாது.’ துளைக்குள் ஒரு தட்டில் பிறருடைய பாட்டில்கள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் மூடி சரியாக இறுகாமல் ஒழுகி, ஒட்டிய சீட்டுகள் மஞ்சளாக ஊறி, எண் அழிந்திருக்கும். அந்தத் தட்டு ஏற்கத்தக்கது. மாதவிலக்கில் இருக்கும் பெண்ணின் பாட்டில் ஏற்கத்தகாதது. ஊழியர் தலையைத் தூக்காமலே கேட்பார்: “அந்த நாளா? முடிஞ்சதும் வாங்க.” இதை அவர் எத்தனை முறை சொன்னாரோ, நானும் மூணாம் நம்பரும் அவருக்கு ‘முடிஞ்சதும்வாங்க’ என்றே பெயர் வைத்துவிட்டோம். நானும் முடிந்த பிறகே போனேன். அந்த நாட்களில் சிறுநீர் சிவப்பாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு ரத்தம் கலந்திருக்கிறது என்று நானும் நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

2023 பிப்ரவரி 20-ஆம் நாள் எனக்கு மெமோ வந்தது. பிப்ரவரி 14 அன்று நான்காம் ஜன்னல் பதினாறு முறை மூடப்பட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுத, பதிவேட்டின் பதினான்கு மாதப் பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி பெற்றேன். பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாட்காட்டித் தாள்களை நீளமாக ஒட்டி, ஜன்னல் மூடிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மருத்துவமனைக்குப் போன நாட்களுக்கு நீலக் கோடு. என் நோக்கம் எளியது: மொத்தத்தைக் கூட்டி, சராசரி அவ்வளவு மோசமில்லை என்று காட்டுவது.

என் கணவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தாளின் ஓரத்தில் குந்தினார்.

“இது என்ன, நடுநடுவுல கொத்துக்கொத்தா அம்மை போட்ட மாதிரி?”

“நான் ஜன்னல் மூடினது.”

“அது தெரியுது. இந்தக் கொத்துக்கும் அந்தக் கொத்துக்கும் நடுவுல எத்தனை நாள்?”

எண்ணினேன். இருபத்தெட்டு. அடுத்ததும் இருபத்தெட்டு. அதற்கடுத்தது இருபத்தேழு. பதினான்கு மாதத்தில் பதினைந்து கொத்துகள். ஒவ்வொன்றும் நான்கு ஐந்து நாள். மற்ற நாட்களில் இரண்டு மூன்று புள்ளிகள். நீலக் கோடுகள் எல்லாமே வெற்றிடங்களில் விழுந்திருந்தன. ஒன்றுகூடக் கொத்துக்குள் இல்லை.

அவர் நீலக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒருத்தர் ஃபிரிட்ஜ எடுத்துட்டு வந்து, ஓடும்போது உதறுதுன்னா, நான் பிளக்கப் புடுங்கிட்டா பாப்பேன்? ஓடவிட்டுக் காத வச்சுத்தானே கேப்பேன். நீ எல்லாம் நின்னப்புறம் போற. அவனும் சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுக்கறான். சுத்தமாத்தான் இருக்கும்.”

மார்ச் 14, மாதவிலக்கின் இரண்டாம் நாள். பாட்டிலோடும் அந்தத் தாளோடும் வந்தேன்.

“அந்த நாளாம்மா?”

“ஆமா. அதுக்குத்தான் வந்தேன்.”

“போர்டு படிக்கலையா? முடிஞ்சதும் வாங்க.”

“முடிஞ்சதும் ஒம்போது தடவ வந்துட்டேன். இன்னைக்கு எடுங்க.”

“இதுல ரத்தம்தான்மா இருக்கும்.”

“அது எங்கேர்ந்து வருதுன்னு தெரியணும்.”

“எங்கேர்ந்து வருதா? உங்களுக்கே தெரியாதா?”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பாட்டிலைக் கையால் தொடவில்லை. அளவுகோலை எடுத்தார், தள்ளினார், பாட்டில் துளையின் விளிம்பில் தட்டி நின்றது. அளவுகோலின் நுனியைப் பதிவேட்டின் அட்டையில் துடைத்துவிட்டு, அதே அளவுகோலால் அடுத்த நோயாளிக்குக் கோடு போட்டார். ஒழுகிய பாட்டில்களின் தட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மருத்துவரிடம் தாளை விரித்தேன். பேனா மூடியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, பஸ் டைம் டேபிளா?”

“டாக்டர், மாசாமாசம் அந்த நாட்கள்லதான் வருது. பாருங்க, தேதி போட்டிருக்கேன்.”

“அந்த நாள்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் வலிக்கத்தான் செய்யும். உங்களுக்கு மட்டும் ஆபீஸ் நோட்டுல ஏறுது.” தேநீர்க் கோப்பையைத் தாளின் மேல் வைத்தார். அதன் வளையக் கறை 2022 செப்டம்பர் மாதத்தின் மேல் இன்றும் இருக்கிறது. என்னை வெளியே அனுப்பிவிட்டு, என் வரலாற்றை எழுதினார்.

அந்த இரண்டு வரிகள் கழக அலுவலகத்துக்குப் போயின. மார்ச் 27 முதல் நான் நான்காம் ஜன்னலிலிருந்து நீக்கப்பட்டு, நிலையத்தின் கீழ்த்தளத்தில், தொலைந்த பொருட்கள் அறையில் போடப்பட்டேன். மக்கள் மறந்துவிட்டுப் போகும் ஈரக் குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் மூடிய சாப்பாட்டு டப்பாக்களும் அங்கே வரும். டப்பாக்களை மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் திறந்து கழுவ வேண்டியவள் நான். பூஞ்சை படர்ந்து நொதித்த அந்த டப்பாக்கள் கூட என்னை அவ்வளவு குமட்ட வைக்கவில்லை. விண்ணப்பித்து, ஏப்ரல் 3 அன்று என் கோப்பின் நகலைப் பெற்று அந்த இரண்டு வரிகளைப் படித்தபோது, எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

இதற்கிடையே, மார்ச் 29 அன்று, நகரின் பெரிய மருத்துவமனையில் சிறுநீர்ப் பிரிவு மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிட ஒரு முழம் உயரமான பெண். என் தாளைப் பதினொரு நிமிடம் படித்தார். கோப்பைக் கறையின் மேல் விரல் வைத்து, அடியில் இருந்த புள்ளிகளையும் எண்ணினார்.

“இந்த நாட்கள்ல யூரின் டெஸ்ட் பண்ணாங்களா?”

“எடுக்க மாட்டாங்க. மாதவிலக்கு ரத்தம் கலந்துடுமாம்.”

“குழாய் வச்சு நேரா பைக்குள்ளேர்ந்து எடுத்தா எப்படிக் கலக்கும்? ரெண்டு நிமிஷ வேலை.”

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு நிமிட வேலை நடக்காததால் நான் செங்கல் மேல் குந்திய எண்ணிக்கைதான் மனத்தில் ஓடியது.

“அடுத்த மாசம் ரெண்டாவது நாள் வாங்க. ரத்தம் போகுதேன்னு வராம இருந்துடாதீங்க. அன்னைக்குத்தான் வேணும்.”

ஏப்ரல் 11. குழாய் வைத்து எடுத்த சிறுநீரில் ரத்தம் இருந்தது, கிருமி இல்லை. பிறகு நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். திரையில் நானும் பார்த்தேன். வெளிறிய சுவரின் உச்சியில், அடிபட்ட நகத்தின் நிறத்தில், நீலமும் பழுப்புமாக ஒரு புடைப்பு. அதன் ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு இழை நீரில் கலைந்துகொண்டிருந்தது. இரண்டாண்டுகளாக எனக்குள் இருந்து, நான் சொன்னதையெல்லாம் பொய்யாக்கிய பொருள் அதுதான். அருவருப்போடுதான் பார்த்தேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

நெட்டை டாக்டர் விளக்கினார். கருப்பையின் உட்பக்கத்தில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு, சிலருக்குக் கருப்பைக்கு வெளியே வளரும். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். எனக்கு அது சிறுநீர்ப்பைச் சுவரில் வேர்விட்டிருந்தது. கருப்பைக்கு மாதவிலக்கு வரும் நாளில் அதற்கும் வரும். வீங்கும், ரத்தம் கசியும், சுவரை எரிக்கும். நாட்கள் முடிந்ததும் சுருங்கி அடங்கும். “அதனாலதான் முடிஞ்சதும் பாத்தா ஒண்ணும் தெரியல” என்றார். ஆய்வக ஊழியருக்கு நாங்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது. எனக்கு முகம் கோணியது.

புற்றாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவுக்காக நானும் கணவரும் மூன்று வாரம் காத்திருந்தோம். அவர் பழுதே இல்லாத எங்கள் வீட்டு மின்விசிறியை இரண்டு முறை பிரித்து மாட்டினார். புற்று இல்லை என்று வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கட்டி இரண்டரை சென்டிமீட்டர், சுவரின் தசை வரை ஊன்றியிருக்கிறது, சிறுநீர்க் குழாய்கள் வந்து சேரும் வாய்களிலிருந்து தள்ளியே இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வலி பாதியானது, கட்டி அப்படியே இருந்தது. உள்வழியாகச் சுரண்டினால் வேர் தங்கிவிடும், சுவரோடு சேர்த்து வெட்டி எடுப்பதே சரி என்றார் நெட்டை டாக்டர். ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 19 அன்று அவரும் மகப்பேறு பிரிவு மருத்துவர் ஒருவரும் சேர்ந்து, வயிற்றில் நான்கு சிறு துளைகள் வழியாக, கட்டியைச் சுற்றியிருந்த சுவரோடு அகற்றி, சிறுநீர்ப்பையை இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். கருப்பைக்கு முன்புறம் ஒட்டியிருந்த சிறு திட்டுகளையும் நீக்கினார்கள். மூன்றேகால் மணி நேரம். அதன் பிறகு பத்து நாள், தையல் இழுபடாமல் இருக்க, குழாயும், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையும். கட்டிலின் பக்கவாட்டில் என் சொந்தச் சிறுநீர் முதலில் சிவப்பாக, பிறகு தேநீர் நிறத்தில், பிறகு மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்கள். கணவர் அதை அளந்து, கொட்டி, அளவைக் குறிப்பேட்டில் எழுதினார். பத்தாம் நாள் சாயம் செலுத்தி, கசிவு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்தபோது, “கம்ப்ரசர் மாத்தினா நான்கூட இவ்வளவு லீக் டெஸ்ட் பண்றதில்ல” என்றார். தையல் வலியோடு சிரித்தேன். கசிவில்லை. குழாயை எடுத்தார்கள்.

அக்டோபர் 3 தேதியிட்ட திசு ஆய்வறிக்கை, அகற்றிய பகுதி சிறுநீர்ப்பைச் சுவரில் ஏற்பட்ட எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதி செய்கிறது. மறுபடி வராது என்று எழுதித் தர முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று நெட்டை டாக்டர் சொன்னார். எழுதித் தர முடியாததை முடியாது என்று சொன்ன முதல் மருத்துவர் அவர். நவம்பரில் வேலைக்குத் திரும்பினேன். தொலைந்த பொருட்கள் அறையில் மூடுவதற்கு ஜன்னல் கிடையாது. இருந்தும் நானே ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். மாதவிலக்கு நாட்களிலும் நான்கு முறைக்கு மேல் போகவில்லை.

நான்காம் ஜன்னலை எனக்குத் திரும்பத் தர வேண்டுமானால், மருத்துவமனைக் கோப்பில் அந்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டதாக எழுத்தில் வர வேண்டும் என்று கழக அலுவலகம் தெரிவித்துள்ளது. நவம்பர் 6 அன்று உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. டிசம்பர் 4 அன்று நேரில் வந்தேன். மருத்துவர் ஆய்வறிக்கையைப் புரட்டினார். பேனா மூடி காதில் இருந்தது.

“அதான் சரியாயிடுச்சுல்லம்மா. இன்னும் ஏன் இதையே கிளறிட்டு இருக்கீங்க?”

“சரியானது சிறுநீர்ப்பை டாக்டர். கோப்பு ஆகல.”

“பெரிய மனசு பண்ணி விடுங்க.”

திரும்பும்போது ஆய்வகத்தைக் கடந்தேன். பலகை இருந்தது. அளவுகோல் இருந்தது. கையில் பாட்டிலோடு ஒரு பெண் துளையிலிருந்து திரும்பினாள். அடிவயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். “முடிஞ்சதும் வரணுமாம்கா” என்றாள். பெரிய மருத்துவமனையின் முகவரியை எழுதி அவளிடம் கொடுத்து, “முடியறதுக்கு முன்னாடியே போ” என்றேன்.

ஆகவே, என் கோப்பில் 2023 மார்ச் 14 தேதியிட்ட அந்த இரண்டு வரிகளும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அடித்தவர் பெயரும் தேதியும் பக்கத்தில் எழுதப்பட்டு, காலியாக உள்ள ஐந்து கோடுகளில் திசு ஆய்வறிக்கையின் முடிவு பதியப்பட வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் எனக்கும் கழக அலுவலகத்துக்கும் அனுப்பப்பட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் இரண்டு நிமிட வேலை இம்மருத்துவமனையில் ஏன் ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை என்பதற்கும், அந்தப் பலகை இன்னும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கும் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டாம். வந்து பேசியதெல்லாம் போதும். இன்று 2024 ஜனவரி 8. பதினைந்து நாட்களுக்குள், தேதியிட்டு, கையொப்பத்துடன், எழுத்தில் பதில் தேவை.